நாக்கின் அமைப்பைத் தமிழில் கற்றுக்கொடுத்த அமெரிக்க டாக்டர்

போபோடியில் காய்ச்சல் என்று டாக்டரிடம் போனால், ஜீபைக் காட்டச் சொல்வார். மராட்டியில் நாக்குக்கு அதுதான் பெயர். நம்மவர்களும் புரிந்துகொண்டு நாக்கை நீட்டுகிறார்கள். ஆனால் அந்த நாக்கில் என்ன இருக்கிறது, எந்த நரம்பு எங்கே போகிறது என்பதையெல்லாம் தமிழிலேயே படித்து டாக்டர் ஆனவர்கள் 150 ஆண்டுகளுக்கு முன்பே இருந்தார்கள். அவர்களை உருவாக்கியவர் ஓர் அமெரிக்கர். பெயர் சாமுவேல் பிஸ்க் கிரீன்.

1822-ம் ஆண்டு மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள உஸ்டர் நகரில் பிறந்தவர். நியூயார்க்கில் மருத்துவம் படித்து 1845-ல் பட்டம் பெற்றார். 1847-ல் அமெரிக்க மிஷன் அவரை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பியது. மறு ஆண்டே மானிப்பாயில் வைத்தியம் பார்க்கவும், உள்ளூர் இளைஞர்களுக்கு மருத்துவம் சொல்லிக்கொடுக்கவும் தொடங்கிவிட்டார்.

முதலில் பாடம் ஆங்கிலத்தில்தான் நடந்தது. அதில் ஒரு சங்கடம் இருந்தது. ஆங்கிலம் படித்தவருக்கு அரசாங்க வேலையும் நல்ல சம்பளமும் கிடைத்தன. அவர் ஊரை விட்டுப் போய்விடுவார். கிராமத்து நோயாளி பழைய இடத்திலேயே கிடப்பார். (பிழைப்புக்காக ஊர் விட்டு வந்தவர்கள் அந்த இளைஞர்களைக் குறை சொல்ல முடியாது!) தமிழில் படித்தவர் தமிழர் நடுவிலேயே தங்குவார் என்று கிரீன் கணக்குப் போட்டார். 1864 முதல் வகுப்பைத் தமிழுக்கு மாற்றினார்.

பாடப் புத்தகத்துக்கு எங்கே போவது? தாமே எழுத வேண்டியதுதான். மாணவர்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு மொழிபெயர்த்தார். பிரசவ வைத்தியம், இரண வைத்தியம், கெமிஸ்தம் என்று வரிசையாக நூல்கள் வந்தன. எல்லாவற்றிலும் கடினமான வேலை, உலகம் முழுவதும் மருத்துவ மாணவர்கள் படிக்கும் கிரேயின் உடற்கூற்று நூல். அது 'மனுஷ அங்காதிபாதம்' என்ற பெயரில் 1872-ல் தமிழில் வெளியாயிற்று. 800 பக்கங்களுக்கு மேல்!

நாக்கு ஒன்றையே எடுத்துக்கொள்வோம். வெளியே ஒரு சதைத் துண்டு. உள்ளே நீளவாட்டிலும் குறுக்காகவும் மேலும் கீழுமாகவும் பின்னிய தசைகள். மேற்பரப்பில் சொரசொரப்பாக ஆயிரக்கணக்கான சிறு முனைகள். அவற்றில் பெரும்பாலானவை உணவைப் பிடித்துப் புரட்டத்தான் உதவும், சுவை அறியா. நாக்கின் பின்புறம் எட்டு முதல் பன்னிரண்டு பெரிய முனைகள் கூரை வளைபோல் இரு சாய்வாக நிற்கும். அவற்றின் பக்கச் சுவரில் சுவை மொட்டுகள் ஒளிந்திருக்கின்றன. ஐரோப்பாவில் மைக்ராஸ்கோப் வைத்து அவற்றைக் கண்டு வெளியிட்டதே 1867-ல்தான். இது போக, முன்பகுதியின் சுவையை மூளைக்குக் கொண்டுபோக ஒரு நரம்பு, பின்பகுதிக்கு வேறொன்று, நாக்கை அசைக்க இன்னொன்று. ஒரே உறுப்புக்கு இத்தனை என்றால் முழு உடம்புக்கும் எத்தனை சொற்கள் தேவைப்பட்டிருக்கும்!

அதற்கு கிரீன் ஒரு முறை வகுத்துக்கொண்டார். முதலில் தமிழில் தேடுவது. கிடைக்காவிட்டால் சமஸ்கிருதத்தில் பார்ப்பது. அங்கேயும் இல்லாவிட்டால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுதுவது. அங்காதிபாதம் என்ற சொல் இன்று நமக்கு விநோதமாகத் தோன்றலாம். அன்றைய மாணவருக்கு அது நோயாளியிடம் விளக்கிச் சொல்லக்கூடிய வார்த்தை.

ஆங்கிலத்திலும் தமிழிலுமாக 60-க்கு மேற்பட்டவர்கள் அவரிடம் பயின்று வைத்தியர் ஆனார்கள். தமிழர் கோட்டு சூட்டுக்கு மாறுவது அவருக்குப் பிடிக்காது. நடை, உடை, உணவு எல்லாம் தமிழாகவே இருக்கவேண்டும் என்பார்.

1873-ல் கிரீன் அமெரிக்கா திரும்பினார். அங்கிருந்தும் தமிழ் நூல் வேலையை விடவில்லை. ஆனால் மானிப்பாய்த் தமிழ் வகுப்பு அவருக்குப் பின் நீடிக்கவில்லை. இலங்கையில் மருத்துவப் படிப்பு ஆங்கிலத்துக்கே போயிற்று.

1884-ல் உஸ்டரில் காலமானார். தமிழருக்கு மருத்துவத் தொண்டு செய்தவர் என்று கல்லறையில் பொறிக்கவேண்டும் என்பது அவர் விருப்பம்; அப்படியே பொறித்தார்கள். மானிப்பாய் மருத்துவமனை கிரீன் பெயரைத் தாங்கி நிற்கிறது.