டொக்டர் சுபாஷ் முகோபாத்தியாய்

மீன்பாடும் வாவிக்கரையிலே வளர்ந்த எமக்கு, பருவம் வந்ததும் மீன்கள் சினை கொள்வதும், மழை கண்டு தவளைகள் கூடுவதும் பழகிய காட்சிகள். இவற்றை ஏவி நடத்துவது மூளையே. மூளையின் அடியிலுள்ள பரிவகக்கீழ் என்னும் பகுதி சிறிதளவு ஓமோனைச் சுரந்து கபச்சுரப்பியைத் தூண்டுகிறது. கபச்சுரப்பியின் ஓமோன்கள் சூலகத்திலே முட்டையை முதிரச் செய்கின்றன. மீன் முதல் மனிதர் வரை முள்ளந்தண்டுள்ள உயிர்களுக்கு இது பொதுவிதி. இவ்வறிவைக்கொண்டு மகப்பேறற்றோர் துயர் துடைக்க முனைந்த ஒருவரை ஈண்டு நினைவுகூர்வோம்.

சுபாஷ் முகோபாத்தியாய் 1931 ஆம் ஆண்டு ஹசாரிபாக்கிலே பிறந்தார். கல்கத்தாவிலே மருத்துவம் பயின்று, 1967 இல் எடின்பரோவிலே இனப்பெருக்க ஓமோன் ஆய்வுக்காகக் கலாநிதிப் பட்டம் பெற்றார். மேல்நாட்டு வாழ்வை நாடாது தாயகம் திரும்பினார்.

இங்கிலாந்தின் ஸ்டெப்டோவும் எட்வேர்ட்ஸும் இயற்கையாக முதிர்ந்த ஒரு முட்டையைக் கொண்டே வெற்றி கண்டனர். உலகின் முதற் சோதனைக்குழாய்க் குழந்தை 1978 யூலை 25 இல் பிறந்தது. முகோபாத்தியாயோ ஓமோன் கொடுத்துப் பல முட்டைகளை முதிரச் செய்தார். உடலுக்கு வெளியே கருவூட்டிய முளையத்தை உறைநிலையிற் பேணிப் பின்னர் தாயின் கருப்பையில் வைத்தார். அவ்வாண்டே ஒக்ரோபர் 3 இல், நவராத்திரி காலத்தில், பெண் மகவு பிறந்தது. அதனைத் துர்க்கா என அழைத்தனர்.

ஆயினும் மேற்கு வங்க அரசின் விசாரணைக் குழு அவரை நம்ப மறுத்தது. 1979 இல் யப்பானிய மாநாட்டுக்குச் செல்ல அனுமதி கிட்டவில்லை. 1981 இல், ஓமோன் ஆய்வாளரான அவரைக் கண்மருத்துவ நிலையத்துக்கு மாற்றினர். அவ்வாண்டு யூன் 19 இல் மனமுடைந்து தம் உயிரைத் தாமே நீத்தார். அறிவை அவமதித்த சமூகம் இழந்தது ஓர் உயிரை மட்டுமன்று.

1986 இல் பம்பாயிலே ஆனந்தகுமார் என்னும் விஞ்ஞானியின் குழு ஒரு சோதனைக்குழாய்க் குழந்தையைப் பிறப்பித்தது. அவருக்கே நாட்டின் முதல்வர் என்னும் புகழ் சேர்ந்தது. அவரோ முகோபாத்தியாயின் குறிப்பேடுகளை ஆராய்ந்து, அப்பெருமை மறைந்தவருக்கே உரியதென 1997 இல் உலகறியச் செய்தார். இன்று முட்டைகளை ஓமோனால் முதிர்விப்பதும் முளையங்களை உறைவிப்பதும் மருத்துவமனைகளின் அன்றாட வழக்கம்.

இளைஞர்களே, ஆராயாது தீர்ப்பளித்த குழுவையும், ஆராய்ந்து தம் புகழையே விட்டுக்கொடுத்த ஆனந்தகுமாரையும் ஒப்புநோக்குவோம். எம்மிடையே புதியதொன்றைக் கண்டுரைப்பவன் எழும்போது, முதலில் அவன் குறிப்பேட்டைத் திறந்து பார்ப்போமாக.