மருந்தாகத் தோற்று, பரிசோதனையாக வென்ற ஊசி

குளச்சல், மண்டைக்காடு பக்கம் தென்னந்தோப்பில் ஒன்றிரண்டு கறவை மாடு வளர்ப்பவரா நீங்கள்? நல்ல தீவனம் போட்டும் மாடு மெலிந்து, விட்டுவிட்டு இருமினால், கால்நடை மருத்துவர் காசநோயைச் சந்தேகிப்பார். அதை அறிய கழுத்துத் தோலில் போடும் டியூபர்குலின் ஊசியை உலகுக்குத் தந்தவர் ராபர்ட் கோக்.

1843-ல் ஜெர்மனியில் பிறந்த கோக், சிற்றூர் மருத்துவராக இருந்தபோதே ஆடு மாடுகளைக் கொல்லும் அடைப்பான் நோயை ஆராய்ந்தார். அது எந்தக் கிருமியால் வருகிறது என்பதை 1876-ல் நிரூபித்தார். 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் காசநோய்க் கிருமியை அறிவித்தார். 1884-ல் கொல்கத்தாவில் காலராவை ஆராய்ந்தார். 1897-ல் இமயமலைப் பகுதியில் உள்ள முக்தேஸ்வர் கால்நடை ஆய்வுக்கூடத்துக்கும் வந்தார். இன்றைய இந்திய கால்நடை ஆராய்ச்சி நிறுவனமாக வளர்ந்தது அந்த ஆய்வுக்கூடம்தான்.

1890-ல் காசநோய்க் கிருமியின் சாற்றை நோய் தீர்க்கும் மருந்து என்று அறிவித்தார். மருந்து பலிக்கவில்லை, அவர் பெயரும் கெட்டது. ஆனால் நோய்க்கிருமி உள்ள மாட்டுக்கு அதே சாற்றைச் செலுத்தினால் உடல் எதிர்வினை காட்டுவதைக் கால்நடை மருத்துவர்கள் கண்டார்கள். டென்மார்க்கில் பெர்ன்ஹார்ட் பாங் இதைக் கொண்டே நோயுள்ள மாடுகளைப் பிரித்து, பண்ணைகளை மீட்டார்.

கோக் இன்னொன்றிலும் தவறினார். மாட்டுக் காசநோயால் மனிதருக்குப் பெரிய ஆபத்தில்லை என்று 1901-ல் லண்டனில் பேசினார். 1905-ல் நோபல் பரிசு பெற்ற அவர் 1910-ல் மறைந்தார். மறு ஆண்டே, அந்நோய் மனிதருக்கும் பரவும் என்று பிரிட்டிஷ் ஆணையம் உறுதி செய்தது. பாலைக் காய்ச்சியே குடிக்க வேண்டும் என்பது இதனால்தான்.

இன்று ஊசி போட்டு 72 மணி நேரம் கழித்துத் தோலின் தடிப்பை அளக்கிறார்கள். இதிலும் குறை உண்டு. மண்ணிலும் நீரிலும் வாழும் இதே இனக் கிருமிகளால் நோயில்லாத மாட்டுக்கும் தடிக்கலாம். நோய் முற்றிய மாட்டுக்கும், புதிதாகக் கன்று ஈன்ற மாட்டுக்கும் தடிக்காமல் போகலாம். எனவே ரத்தத்தில் காமா இன்டர்பெரான் என்ற புரதத்தை அளக்கும் முறை வந்திருக்கிறது. இன்னும் தெளிவான அடையாளங்களையும் விஞ்ஞானிகள் தேடிவருகிறார்கள்.

புதிய மாடு வாங்கும் முன் மருத்துவரிடம் இந்தப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். சந்தேகமுள்ள மாட்டைத் தனியே கட்டுங்கள். முடிவு தெரியும் முன் விற்றுவிடாதீர்கள். விற்றால் நோயும் அடுத்தவர் தொழுவத்துக்குப் போகும்.