டி. எஸ். சொக்கலிங்கம்

டி. எஸ். சொக்கலிங்கம் (மே 3, 1899 - ஜனவரி 9, 1966) தமிழ் இதழாளர், எழுத்தாளர், மொழிபெயர்ப்பாளர் மற்றும் விடுதலைப் போராட்ட வீரர் ஆவார். தினமணி நாளிதழின் முதல் ஆசிரியராக 1934 முதல் 1943 வரை பணியாற்றினார். மணிக்கொடி இதழைத் தொடங்கிய மூவருள் ஒருவர். 1937 ஆம் ஆண்டு நடைபெற்ற சென்னை மாகாணச் சட்டமன்றத் தேர்தலில் தென்காசித் தொகுதியில் காங்கிரசு வேட்பாளராகப் போட்டியிட்டு வெற்றி பெற்றார்.

பிறப்பும் இளமையும்

சொக்கலிங்கம் குற்றாலத்திற்கு அருகிலுள்ள தென்காசியில் பிறந்தார். அக்காலத்தில் தென்காசி திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அடுத்துள்ள செங்கோட்டை திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் பகுதியாக இருந்தது. அது 1956 இல் தான் தமிழகத்துடன் இணைந்தது. இவ்வாறு பிரித்தானிய ஆட்சிப் பகுதியும் சமஸ்தானமும் சந்திக்கும் எல்லையோர ஊராக விளங்கிய தென்காசி, 1910 ஆம் ஆண்டளவில் தீவிரவாத தேசிய இயக்கத்தினர் கூடும் இடங்களுள் ஒன்றாக இருந்தது.

1911 ஜூன் 17 அன்று திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் ஆஷ், மணியாச்சி தொடர்வண்டி நிலையத்தில் செங்கோட்டை வாஞ்சிநாதனால் சுட்டுக் கொல்லப்பட்டார். இதனைத் தொடர்ந்த வழக்கில் பதினான்கு பேர் மீது குற்றம் சாட்டப்பட்டது. அவர்களுள் சொக்கலிங்கத்தின் தமையனார் மடத்துக்கடை சிதம்பரம் பிள்ளையும் ஒருவர். அப்பொழுது சொக்கலிங்கத்திற்கு வயது பன்னிரண்டு. தமையனார் கைதானதால் குடும்பத்தின் கடையைக் கவனிக்கும் பொறுப்பு அவர்மேல் விழுந்தது. பள்ளிப் படிப்பு தடைப்பட்டது. பிற்காலத்தில் அவர் பெற்ற உலக அறிவும் மொழிப்பயிற்சியும் பெரும்பாலும் தாமே படித்துத் தேடிக்கொண்டவை.

இதழியல் பணி

மருத்துவர் பெ. வரதராஜுலு நாயுடு சேலத்திலிருந்து நடத்திவந்த தமிழ்நாடு இதழில் 1923 அளவில் சொக்கலிங்கம் சேர்ந்தார். சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமண மாணவர்களுக்கும் மற்றவர்களுக்கும் தனித்தனியே உணவளிக்கப்பட்டதை எதிர்த்து 1924-25 இல் எழுந்த கிளர்ச்சியில் நாயுடு முன்னின்றார். ஓர் இதழ் மக்கள் கருத்தை எவ்வளவு தூரம் திரட்ட முடியும் என்பதை இளம் உதவியாசிரியர்கள் நேரில் காண அவ்வாண்டுகள் வாய்ப்பளித்தன. சட்ட மறுப்பு இயக்கக் காலத்தில் நாயுடுவின் அரசியல் நிலைப்பாடு காங்கிரசிலிருந்து விலகிச் சென்றது. இதனை ஏற்காத சொக்கலிங்கம் அவ்விதழிலிருந்து வெளியேறினார். விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டுச் சிறைத்தண்டனையும் பெற்றார்.

1931 இல் காந்தி என்னும் இதழைத் தொடங்கினார். இதன் விலை காலணா. எளிய மக்களும் வாங்கிப் படிக்கவேண்டும் என்பதே இவ்விலையின் நோக்கம். அதே ஆண்டில் பிரித்தானிய அரசு கொண்டுவந்த அவசர அதிகாரப் பத்திரிகைச் சட்டம், அச்சகங்களிடமும் இதழ்களிடமும் காப்புத்தொகை கேட்கவும் அதனைப் பறிமுதல் செய்யவும் அரசுக்கு அதிகாரம் அளித்தது. குறைந்த முதலில் நடைபெற்ற தேசிய இதழ்களுக்கு இச்சட்டம் பெரும் இடையூறாக இருந்தது.

கு. சீனிவாசன் (ஸ்டாலின் சீனிவாசன்), வ. ரா. ஆகியோருடன் சேர்ந்து 1933 செப்டம்பரில் மணிக்கொடி வார இதழைத் தொடங்கினார். அரசியலும் இலக்கியமும் கலந்து வெளிவந்த இவ்விதழ், பின்னர் பி. எஸ். ராமையாவின் பொறுப்பில் சிறுகதை இதழாக மாறி, தமிழ்ச் சிறுகதை வளர்ச்சியில் தனியிடம் பெற்றது.

தினமணி

எஸ். சதானந்தின் பிரீ பிரஸ் நிறுவனம் தமிழில் ஒரு நாளிதழ் தொடங்க முடிவு செய்தபோது சொக்கலிங்கம் அதன் ஆசிரியரானார். பாரதியாரின் நினைவு நாளான 1934 செப்டம்பர் 11 அன்று தினமணி வெளிவந்தது. காந்தி இதழில் அவருடன் பணியாற்றிய ஏ. என். சிவராமன் இங்கும் துணையாசிரியராக இருந்தார். பின்னர் சதானந்தின் நிறுவனம் நிதி நெருக்கடிக்கு உள்ளானதால், தினமணி ராம்நாத் கோயங்காவின் உடைமையாயிற்று.

அக்கால நாளிதழ்களில் வடசொற்கள் மிகுந்த கடினமான நடை வழக்கிலிருந்தது. சொக்கலிங்கம் சிறிய வாக்கியங்களில், பேச்சுக்கு நெருங்கிய எளிய நடையில் தலையங்கங்களை எழுதினார். எழுத்துக்கூட்டிப் படிப்பவரும், பிறர் படிக்கக் கேட்பவரும் அரசியலைப் புரிந்துகொள்ள இந்நடை உதவியது. புதுமைப்பித்தன் போன்ற இலக்கியப் படைப்பாளிகள் தினமணியின் ஆசிரியர் குழுவில் இடம்பெற்றனர்.

தேர்தலும் சட்டமன்றமும்

1935 ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின்படி மாகாணத் தேர்தல்கள் 1937 இல் நடைபெற்றன. அனைவருக்கும் வாக்குரிமை இல்லாத காலம் அது. சொத்து, வரி, கல்வி போன்ற தகுதிகளைக் கொண்டே வாக்காளர் பட்டியல் அமைந்தது. சென்னை மாகாணத்தில் 215 இடங்களுள் 159 இடங்களைக் காங்கிரசு கைப்பற்றியது. அவற்றுள் தென்காசியும் ஒன்று. ஆஷ் வழக்கினால் படிப்பை இழந்த சொக்கலிங்கம், இருபத்தாறு ஆண்டுகளுக்குப் பின் அதே ஊரின் சட்டமன்ற உறுப்பினரானார்.

இராஜாஜியின் அமைச்சரவை 1937 ஜூலையில் பதவியேற்றது. இந்தியாவின் இசைவின்றி அந்நாட்டைப் போரில் ஈடுபடுத்தியதைக் கண்டித்து 1939 அக்டோபரில் பதவி விலகியது. அதன்பின் ஆளுநரின் நேரடி ஆட்சி நடைபெற்றதால் சட்டமன்றம் செயலற்றுப் போனது. உறுப்பினராக இருந்த காலத்திலும் சொக்கலிங்கம் ஆசிரியப் பொறுப்பைக் கைவிடவில்லை.

தினமணியிலிருந்து விலகல்

1943 இல் இதழின் உரிமையாளருடன் ஏற்பட்ட கருத்து வேறுபாட்டினால் சொக்கலிங்கம் தினமணியிலிருந்து விலகினார். புதுமைப்பித்தன் உள்ளிட்ட ஆசிரியர் குழுவினர் சிலரும் அவருடன் வெளியேறினர். இதழின் கொள்கையைத் தீர்மானிப்பவர் ஆசிரியரா, முதலீடு செய்தவரா என்னும் வினாவைத் தமிழ் இதழுலகில் எழுப்பிய நிகழ்வுகளுள் இதுவும் ஒன்று. இது குறித்து எனது ராஜினாமா என்னும் நூலை அவர் எழுதினார். அவருக்குப் பின் ஆசிரியரான ஏ. என். சிவராமன் 1987 வரை அப்பொறுப்பில் நீடித்தார்.

1944 இல் தினசரி என்னும் நாளிதழைச் சொக்கலிங்கம் தொடங்கினார். புதுமைப்பித்தனும் சிறிது காலம் இதில் பணியாற்றினார். நாடறிந்த ஆசிரியரின் பெயர் இருந்தும், பெருமுதல் இல்லாத நிலையில் இவ்விதழ் சில ஆண்டுகளுக்குப் பின் நின்றுபோனது. உரிமையாளரின் தலையீடு இல்லாத இதழை நடத்த விரும்பியவருக்கு, உரிமையாளரின் பண வலிமை இல்லாமையே தடையாயிற்று. பின்னர் ஜனயுகம், நவசக்தி ஆகிய இதழ்களிலும் ஆசிரியராகப் பணிபுரிந்தார்.

இலக்கியப் பணி

ருசிய எழுத்தாளர் லியோ டால்ஸ்டாயின் மிகப் பெரிய புதினத்தைப் போரும் வாழ்வும் என்னும் பெயரில் தமிழாக்கம் செய்தார். நாளிதழ்ப் பணியில் பழகிய எளிய நடை இம்மொழிபெயர்ப்பிலும் காணப்படுகிறது. தாம் பழகிய தலைவர்களையும் எழுத்தாளர்களையும் முதன்முதலில் கண்ட நிகழ்ச்சிகளைத் தனிக் கட்டுரைகளாக எழுதினார். காமராசரின் வாழ்க்கை வரலாற்றையும் எழுதியுள்ளார்.

குறிப்பிடத்தக்க நூல்கள்

எனது ராஜினாமா
எனது முதல் சந்திப்பு
காமராஜ்
போரும் வாழ்வும் (மொழிபெயர்ப்பு)

மறைவு

சொக்கலிங்கம் 1966 ஜனவரி 9 அன்று தமது 66 ஆம் வயதில் காலமானார். அவர் முதல் ஆசிரியராக இருந்து உருவாக்கிய தினமணி தொடர்ந்து வெளிவருகிறது. அவரது பிறந்த ஊரான தென்காசி, 2019 நவம்பர் 22 முதல் தனி மாவட்டத்தின் தலைநகராக உள்ளது.