துப்பாக்கித் திடலிலிருந்து அருங்காட்சியகம் வரை: ஜெனரல் பிட் ரிவர்ஸ்

இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு நகரிலுள்ள பிட் ரிவர்ஸ் அருங்காட்சியகத்தில் பொருள்கள் நாடு வாரியாக அடுக்கப்படவில்லை; பயன் வாரியாக அடுக்கப்பட்டுள்ளன. விளக்கோடு விளக்கும், பூட்டோடு பூட்டும், கேடயத்தோடு கேடயமும் நெருங்கி நிற்கின்றன. ஓரினப் பொருள்களுக்கு இடையேயுள்ள நுண்ணிய வேற்றுமை காண்பவர் கண்ணிற் பட வேண்டும் என்பதே இவ்வடுக்கின் நோக்கம். இந்நோக்கை அதன் நிறுவனர் கற்றுக்கொண்டது பல்கலைக்கழகத்தில் அன்று. துப்பாக்கி சுடும் திடலில். ஓலைச்சுவடிகளின் பாடவேறுபாட்டைப் போற்றும் நம் வட்டத்தினர்க்கு, இரும்பிலும் மரத்திலும் பாடவேறுபாடு தேடிய இம்மனிதரின் வரலாறு அயலானதாய்த் தோன்றாது என நம்புகிறேன்.

அகஸ்டஸ் ஹென்றி லேன் ஃபாக்ஸ் என்பது அவரது இயற்பெயர். 1827 ஏப்ரல் 14-ஆம் நாள் யார்க்ஷயரில் நிலவுடைமைக் குடும்பமொன்றில் பிறந்தார். சாண்ட்ஹர்ஸ்ட் படைக்கல்லூரியில் சிறிது காலம் பயின்று, 1845-இல் கிரெனடியர் கார்ட்ஸ் படைப்பிரிவில் அதிகாரியாகச் சேர்ந்தார். குடும்பத்தின் இளைய மகனாதலின் பெருஞ்செல்வம் எதுவும் அவர்க்கு அன்று உறுதியாக இருக்கவில்லை.

அக்காலத்தில் பிரிட்டிஷ் காலாட்படையின் கையிலிருந்தது உட்புறம் வழுவழுப்பான குழலையுடைய மஸ்கட் துப்பாக்கி. நூறு கெஜத்துக்கு அப்பால் அதன் குண்டு எங்கே போய் விழும் என்று யாரும் சொல்ல இயலாது. ஆகவே நுணுக்கமாகக் குறிபார்க்கும் உறுப்பு எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை. குழலின் உட்புறத்தில் திருகுபோற் சுழன்று செல்லும் வரிப்பள்ளங்களை உடைய ரைபிள் துல்லியமாகச் சுட்டது. ஆயின் இறுகப் பொருந்தும் குண்டை அதனுள் இடிப்பது நேரம் பிடிக்கும் வேலை. பிரெஞ்சு அதிகாரி மினியே இச்சிக்கலை அவிழ்த்தார். அடிப்பகுதி குடையப்பெற்ற கூர்ங்குண்டு எளிதாகக் குழலுள் இறங்கும். மருந்து வெடித்ததும் அதன் அடி விரிந்து வரிப்பள்ளங்களைப் பற்றிக்கொள்ளும். 1851-இல் பிரிட்டன் இம்முறையை ஏற்றது. புதிய ரைபிளைச் சோதித்தறியும் பணியில் ஈடுபடுத்தப்பட்டோருள் இளம் லேன் ஃபாக்ஸும் ஒருவர்.

இப்பணிதான் அவரை ஆக்கியது. பறக்கும் குண்டு தாழ்ந்துகொண்டே செல்லும்; தொலைவு மிக மிகக் குழலை உயர்த்திப் பிடிக்க வேண்டும். எவ்வளவு உயர்த்துவது என்பதைச் சுடுபவனுக்குச் சொல்வது குழலின் மேலுள்ள பின்குறிகாட்டி. அதன் பள்ளத்தையும் குழல் நுனியிலுள்ள சிறு முனையையும் இலக்கோடு நேர்கோட்டில் நிறுத்திச் சுட வேண்டும். 1853-ஆம் ஆண்டு மாதிரி என்ஃபீல்டு ரைபிளில் இக்குறிகாட்டி சிறியதோர் ஏணியாக அமைந்தது. மடித்து வைத்த சட்டத்தை நிமிர்த்தி, அதிலுள்ள நழுவுதுண்டை வேண்டிய கெஜ அளவுக்கு நகர்த்த வேண்டும். நெடிய என்ஃபீல்டில் அவ்வளவு 900 கெஜம் வரை சென்றது. 1856-ஆம் ஆண்டுக் குறுந்துப்பாக்கியில் 1,100 கெஜத்தை எட்டியது. குதிரைப்படைக்கான கார்பைனுக்கோ 100, 200, 300 கெஜத்துக்கான சிறு மடிப்புத் தகடுகளே போதுமென்றாயிற்று. அன்றைய பிரிட்டிஷ் படைத்துப்பாக்கிகளைச் சேகரிப்போர் இன்றும் முதலில் நோக்குவது இக்குறிகாட்டியையே. எந்த ஆண்டு, எந்தப் படை, எப்பணி என்பனவெல்லாம் அச்சிறு இரும்பில் பொறிக்கப்பட்டுள்ளன.

படைப்பயிற்சி முறைகளை அறிய 1852-இல் பிரான்ஸ், பெல்ஜியம், பீட்மாண்ட் ஆகிய நாடுகளுக்கு லேன் ஃபாக்ஸ் அனுப்பப்பட்டார். 1853-இல் கெண்ட் மாநிலத்து ஹைத் நகரில் துப்பாக்கிப் பயிற்சிப் பள்ளி உருவாவதில் அவர்க்குப் பெரும்பங்கு இருந்தது. மறு ஆண்டு வெளிவந்த பயிற்சி நூலிலும் அவர் உழைப்பு உண்டு. தொலைவைக் கண்ணால் அளக்கத் தெரியாதவனுக்கு ஏணிக்குறிகாட்டி வெற்று இரும்பே என்பது அப்பள்ளியின் பாடம். 1853-இல்தான் ஸ்டான்லி பிரபுவின் மகள் ஆலிஸை அவர் மணந்தார். 1854-இல் கிரிமியப் போரில் ஆல்மா சமரிற் பங்கேற்று, உடல்நலங் குன்றித் திரும்பினார். பின்னர் மால்டாவில் படையினர்க்குப் பயிற்சியளித்தார்.

சோதனைக்கு வந்த துப்பாக்கிகளை ஒன்றன்பின் ஒன்றாக நோக்கியபோது அவர் உள்ளத்தில் ஓர் எண்ணம் வேரூன்றியது. எந்தப் புதுமையும் திடீரென்று தோன்றவில்லை. முன்னதில் ஒரு சிறு மாற்றம், அதன்மேல் இன்னொன்று எனப் படிப்படியாகவே வளர்ந்திருந்தது. தோற்றுப்போன மாதிரிகளும் அவ்வரிசைக்கு இன்றியமையாதவை. 1851, 1852 அளவில் துப்பாக்கிகளைச் சேர்க்கத் தொடங்கியவர், வில், ஈட்டி, கேடயம் என விரிந்தார். பின்னர் படகு, பூட்டு, இசைக்கருவி, ஆடை என எல்லை கடந்தார். வணிகரிடமும் ஏலத்திலும் வாங்கியவையே பெரும்பாலானவை. அரியதையும் அழகியதையும் தேடிய சேகரிப்பாளர் நடுவே, சாதாரணமானதையும் வரிசையை நிரப்புவதையும் தேடியது அவர் தனித்தன்மை. 1867 முதல் 1869 வரை ஆண்டுக்கொன்றாக அவர் ஆற்றிய ஆதிகாலப் போர்முறை பற்றிய பேருரைகள் இக்கொள்கையை விளக்கின. டார்வினின் நூல் வெளிவந்து பத்தாண்டு நிறைவதற்கு உட்பட்ட காலம் அது. காலத்தின் காற்றும் அவர்க்கு இசைவாக வீசியது.

1874-இல் இலண்டன் பெத்னல் கிரீனில் ஏறத்தாழ 14,000 பொருள்கள் காட்சிக்கு வந்தன. 1880-இல் உறவினர் ஒருவரின் மறைவால் கிரான்போர்ன் சேஸ் பகுதியில் 29,000 ஏக்கரைக் கடந்த நிலம் அவர் கைக்கு வந்தது. அவ்வுரிமையோடு பிட் ரிவர்ஸ் என்ற பெயரும் வந்தது. 1882-இல் தொல்சின்னப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் முதல் ஆய்வாளராக அமர்ந்தார். அரசு ஏற்க மறுத்த தம் சேகரத்தை 1884-இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்துக்கு வழங்கினார்.

தம் நிலத்திலேயே அவர் நடத்திய அகழாய்வுகள் அத்துறையின் போக்கை மாற்றின. உடைந்த ஓடு, விலங்கின் எலும்பு முதலியவற்றையும் கிடைத்த இடம் குறித்து ஏட்டிலேற்றினார். தோண்டி முடித்த குழியின் அடியில் பெயரும் ஆண்டும் பொறித்த சிறு பதக்கத்தை இட்டு மூடுவார். நாளை தோண்டுபவன் மயங்கலாகாது என்பது கருத்து. கிரான்போர்ன் சேஸ் அகழாய்வு பற்றிய நான்கு பெருந்தொகுதிகள் 1887 முதல் 1898 வரை வெளிவந்தன.

இத்துணை நுட்பமான கண்ணுக்கும் ஒரு மறைவிடம் இருந்தது என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. பொருள்களை வரிசைப்படுத்திய கையோடு மக்களினங்களையும் உயர்ந்தோர் தாழ்ந்தோர் என அவர் வரிசைப்படுத்தினார். இயற்கை தாவுவதில்லை என்பதைத் தம் அடுக்குகளிற் கண்டு தெளியும் உழைப்பாளிகள் புரட்சிப் பேச்சுக்குச் செவிசாய்க்க மாட்டார் என்றும் நம்பினார். அவர் சோதித்துப் பயிற்றுவித்த ரைபிள்களின் வரலாறே அவ்வளவு அமைதியாக நடக்கவில்லை. என்ஃபீல்டு ரைபிளின் கொழுப்புத் தடவிய தோட்டாவைப் பல்லாற் கடிக்க வேண்டும் என்ற செய்தி 1857-இல் இந்தியாவில் மூண்ட பெருங்கிளர்ச்சிக்கு உடனடிக் காரணங்களுள் ஒன்றாயிற்று. அதன் பின்னர் 1858-இல் இந்தியப் படைவீரர்க்கென ஒரு தனி மாதிரி செய்யப்பட்டது. புறத்தோற்றத்தில் அதுவும் என்ஃபீல்டே. உள்ளே வரிப்பள்ளங்கள் இல்லை, 0.577 அங்குலக் குழல் 0.656 அங்குலமாக அகன்று வழுவழுப்பாயிற்று. மேலே ஏணிக்குறிகாட்டி இருந்த இடத்தில் அசையாத சிறு கட்டை ஒன்று. ஆங்கிலச் சிப்பாயின் ரைபிள் 900 கெஜம் பார்த்தது. அருகில் நின்ற இந்தியச் சிப்பாயின் துப்பாக்கிக்கு அத்தொலைவு மறுக்கப்பட்டது.

இம்மாற்றம் படிப்படியான வளர்ச்சியாகாது. பார்த்துப் பார்த்துப் படியெடுத்ததால் நேர்ந்த சிதைவும் ஆகாது. அத்தகைய சிதைவுக்குப் பிட் ரிவர்ஸ் இடமளித்திருந்தார். இது ஆட்சியாளரின் அச்சம் ஆணையிட்டுச் செய்வித்த பின்னடைவு. அவர் வகுத்த வரிசையில் இதனை எங்கே வைப்பது? பொருளின் மாற்றத்துக்குப் பொருளுக்குள்ளேயே காரணம் தேடிய கொள்கை, அப்பொருளைக் கொடுப்பவனையும் வாங்குபவனையும் மறந்துவிடுகிறது. ஆயினும் அந்த மொட்டைக் கட்டையைக் கண்டவுடன் நின்று, ஏன் என்று வினவும் பழக்கத்தை நமக்குத் தந்தவரும் அவரே.

1900 மே 4-ஆம் நாள், தம் 73-ஆம் அகவையில், ரஷ்மோர் இல்லத்தில் பிட் ரிவர்ஸ் காலமானார். எரியூட்டும் வழக்கம் இங்கிலாந்தில் அரிதாயிருந்த அக்காலத்தில் அவர் விருப்பப்படி உடல் எரியூட்டப்பட்டு, சாம்பற்கலம் டொல்லார்ட் ராயல் தேவாலயத்தில் வைக்கப்பட்டது.

ஓரெழுத்து மாறினால் பொருள் மாறும் என்பதை அறிந்தவர்கள் நாம். மாறிய எழுத்தைக் கண்டுபிடிப்பதில் அவர் நமக்கு ஆசான். மாற்றிய கை யாருடையது என்று கேட்கும் கடமை, அவர் விட்ட இடத்திலிருந்து நம்முடையதாகிறது.