பந்தயத்துக்குப் பாதை போட்ட கரிவரதன்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

சக்கரம் சுழலத் தொடங்கிய நாளிலேயே போட்டியும் பிறந்திருக்க வேண்டும். ரேக்ளாப் பந்தயம் என்றால் ஊரே திரளும் நாடு நம் நாடு. மாட்டின் இடத்துக்கு மோட்டார் வந்தபோதும் மக்கள் திரண்டார்கள். பின்னர் அந்தக் கூட்டம் மெல்லக் கலைந்தது. கூட்டம் ஏன் கூடியது, ஏன் கலைந்தது என்பதை ஒரு மனிதரின் வாழ்க்கை நமக்கு விளக்கும். அவர்தான் கோவை தந்த எஸ்.கரிவரதன்.

1954-ஆம் ஆண்டு பிறந்த இவர், நூற்பாலைத் தொழிலில் சிறந்த செல்வக் குடும்பத்தைச் சேர்ந்தவர். ஆலையின் கணக்குப் புத்தகங்களோடு வாழ்ந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அவர் மனமோ எஞ்சினைச் சுற்றியே வந்தது. கார்களை மாற்றி அமைப்பதும் அவற்றைத் தாமே பந்தயத்தில் ஓட்டிப் பார்ப்பதுமே அவருடைய பெருவிருப்பம்.

அவர் ஓட்டிய களம் சோழவரம். இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளம் அது. சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகத்தார் அங்கே ஆண்டுதோறும் பந்தயம் நடத்தினர். வெயிலையும் புழுதியையும் பொருட்படுத்தாமல் பல்லாயிரக்கணக்கானோர் கூடினர். ஆம்பூரிலிருந்து சென்னை பெரியமேட்டுக்குத் தோல் கட்டுகள் ஏற்றிச் சென்ற லாரியில் என் பெரியப்பா கிளீனராக இருந்தவர். சரக்கு இறக்கிய கையோடு ஒருமுறை சோழவரம் போய் வந்ததை இன்றும் சொல்வார். ஓடியவை அவர் தெருவில் பார்த்த ஹெரால்டும் பியட்டும்தான். தெருவில் முக்கி முனகிப் போகும் வண்டியா இப்படிப் பறக்கிறது என்பதே அவருக்கு வியப்பு! தனக்குத் தெரிந்த வண்டி ஓடியதால்தான் பாமரனும் அங்கே கைதட்டினான் என்பது என் எண்ணம்.

ஆனால் களத்தில் ஒரு குறையும் இருந்தது. வெளிநாட்டிலிருந்து பந்தயக் கார் தருவிக்கும் வசதி படைத்தவர்களும் அங்கே வந்தார்கள். மன்னர் குடும்பத்தினரும் பெருமுதலாளிகளும் கொண்டுவந்த கார்களோடு உள்ளூர்க் கார் எப்படிப் போட்டியிடும்? வென்றது ஓட்டியவரின் திறமையா, பணப்பையின் கனமா என்று பிரித்தறிய முடியாத நிலை.

கரிவரதன் கண்ட விடை எளியது. 1983-இல் மாருதி 800 கார் வெளிவந்தது. அதன் 796 சி.சி. எஞ்சினைக் கொண்டே ஒருவர் மட்டும் அமரும் பந்தயக் காரை உருவாக்கினார். 1988-இல் பிறந்தது பார்முலா மாருதி. எல்லோருக்கும் ஒரே எஞ்சின், ஒரே வகைக் கார். நம் ஆய்வுக்கூடத்தில் ஒன்றை அளக்க வேண்டுமானால் மற்றவற்றை மாறாமல் நிறுத்துகிறோம் அல்லவா? கரிவரதன் காரை மாறாமல் நிறுத்தினார். மனிதனின் திறமை தானே வெளிப்பட்டது.

1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் புதிய பந்தயத் தளம் அமைந்தது. நம் வேலூர், ஆம்பூர் வழியாகச் செல்லும் அதே நெடுஞ்சாலையின் ஓரத்தில்தான் அது இருக்கிறது. சோழவரத்தின் சகாப்தம் முடிந்தது. ஓட்டுநர்களுக்குப் பாதுகாப்பு கூடியது; ஆனால் பழைய திருவிழாக் கூட்டம் கூடவில்லை. தொலைக்காட்சியில் அயல்நாட்டுப் பந்தயம் வீட்டுக்கே வந்துவிட்ட காலம் அது.

1995-இல் விமான விபத்து ஒன்று கரிவரதனைப் பறித்துக்கொண்டது. நாற்பதைச் சற்றே தாண்டிய வயது! பார்முலா மாருதியில் பந்தய வாழ்வைத் தொடங்கிய கோவை இளைஞர் நரேன் கார்த்திகேயன், 2005-இல் பார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரானார். அதைக் காணக் கரிவரதன் இல்லை. 2003-இல் கோவை செட்டிபாளையத்தில் திறக்கப்பட்ட பந்தயத் தளம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அதன் பிறகும் ஆரவாரம் வந்து வந்து போனது. பார்முலா ஒன் பந்தயம் 2011 முதல் 2013 வரை மூன்றே ஆண்டுகள் கிரேட்டர் நொய்டாவில் நடந்து நின்றது. 2024-இல் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றிய சாலைகளில் இரவுப் பந்தயம் நடந்தது. 2025-இல் நடிகர் அஜித்குமாரின் அணி துபாயில் தன் பிரிவில் மூன்றாம் இடம் பெற்றபோது நம் விடுதியே அதைப் பற்றித்தான் பேசியது. அன்று தெரிந்த வண்டிக்காகக் கூட்டம் சேர்ந்தது. இன்று தெரிந்த முகத்துக்காகச் சேர்கிறது. இரண்டும் மகிழ்ச்சியே. ஆனால் பார்ப்பவனுக்கும் ஓட்டுபவனுக்கும் இடையே உள்ள தூரத்தைக் குறைக்க உழைத்தவர் சிலரே.

அந்தத் தூரம் முற்றிலும் குறைந்துவிடவில்லை. பார்முலா மாருதியும் ஒரு தொழிலாளியின் மகனுக்கு எட்டாத விலைதான். காலணித் தொழிற்சாலையில் மேல்தோல் தைக்கும் தாயின் மகன் நான். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள். எங்கள் தெருவில் பழைய எஞ்சினுக்கு உயிர் கொடுக்கும் பையன்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கைத்திறமை உண்டு, களம்தான் இல்லை. எனக்கோ குறைந்த கட்டணத்தில் இந்த அரசுக் கல்லூரி கிடைத்தது. ஆய்வுக்கூடத்தில் வசதியுள்ளவன் தொடும் அதே கருவியைத்தான் நானும் தொடுகிறேன்.

தோழர்களே! வேகமாக ஓடியவர்களை வரலாறு எண்ணி வைத்திருக்கிறது. பிறர் ஓடப் பாதை போட்டவர்களை நாம்தான் நினைவில் வைக்க வேண்டும். கரிவரதன் அத்தகைய மனிதர். நாளை நம்மில் ஒருவர் பட்டறை நடத்தலாம், ஆசிரியராகலாம், அதிகாரியாகலாம். அன்று நமக்குப் பின்னால் வருபவனுக்கும் சமமான ஒரு கருவியைக் கொடுப்போம். அதுவே அவருக்கு நாம் செலுத்தும் நன்றி.