காற்றை அளந்த பேராசிரியர் சதீஷ் தவான்

மார்கழி பிறந்துவிட்டால் கொல்லங்கோட்டில் எவருக்கும் காற்றைப் பற்றி எடுத்துரைக்க வேண்டுவதில்லை. மேற்குமலைத் தொடர் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்கு வழிவிட்டு நிற்கும் பாலக்காட்டுக் கணவாயினூடே கீழ்க்காற்றுப் பாய்ந்து வருங்கால், பனையோலைகள் இரவெல்லாம் ஓயா. நிலையத்திலே தாள்களின்மேல் கல்லை வைத்துக்கொண்டுதான் எழுதவேண்டும். இக்காற்று ஒரு பொருளைத் தழுவிச் செல்லும்போது யாது செய்கின்றது என்பதை ஆராயும் கலையே காற்றியக்கவியல். அக்கலைக்கு நம் நாட்டில் அடித்தளம் இட்டோருள் முதன்மையானவர் பேராசிரியர் சதீஷ் தவான். அன்னாரின் வரலாற்றைச் சங்கத்து அன்பர்களுக்கு என் சிற்றறிவுக்கு எட்டியவாறு கூறுகின்றேன்.

தவான் 1920 செப்டம்பர் 25ஆம் நாள் ஸ்ரீநகரில் பிறந்தார். லாகூரில் கணிதமும் பௌதிகமும் பயின்றார். பின்னர் ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ.; அதன்மேல் இயந்திரப் பொறியியல். மெட்ரிகுலேஷனோடு நின்றுவிட்ட என் போன்றோர்க்கு இம்மூன்றும் ஒருவரிடம் பொருந்தியதே வியப்பு. பெங்களூர் விமானத் தொழிற்சாலையில் சிறிது காலம் பணியாற்றியபின் 1946இல் அமெரிக்கா சென்று, கலிபோர்னியாவில் ஹான்ஸ் லீப்மன் என்னும் அறிஞரிடம் ஆராய்ந்து 1951இல் டாக்டர் பட்டம் பெற்றார்.

அவர் ஆராய்ந்த பொருள் நுட்பமானது. பறக்கும் விமானத்தின் மேற்பரப்பை ஒட்டிய காற்று ஒரு மெல்லிய படலமாகத் தயங்கி நின்று, விமானத்தைப் பின்னுக்கு இழுக்கும். இவ்வுராய்வைப் பிற அளவுகளிலிருந்து கணக்கிட்டு அறிவதே பெரும்பாலும் வழக்கம். தவான் அதனை நேரே அளக்க முனைந்தார். காற்றோட்டத்தில் வைத்த தட்டின் ஒரு சிறு துண்டை மட்டும் ஒட்டாமல் விட்டு, காற்று அதனை எவ்வளவு நகர்த்துகின்றது என்று அளந்தார். கண்ணுக்குப் புலனாகாத நகர்ச்சி அது! ஒலியின் வேகத்துக்கு உட்பட்ட ஓட்டத்திலும், அதனை விஞ்சிய ஓட்டத்திலும் இம்முறை பயன் தந்தது.

1951இல் தாயகம் திரும்பிப் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் சேர்ந்தார். ஒலியினும் விரைந்த காற்றைச் செலுத்தும் காற்றுச் சுரங்கத்தைச் சிறிய அளவில் அங்கே அமைத்தார். நாட்டில் அத்தகையது அதுவே முதல். சீராக ஓடும் காற்றுப் படலம் எவ்வாறு கலங்கிச் சுழலும் படலமாக மாறுகின்றது என்பது பற்றி மாணவர் ரோத்தம் நரசிம்மாவுடன் 1958இல் வெளியிட்ட கட்டுரை உலக அறிஞர்களால் போற்றப்பட்டது. 1962இல் கழகத்தின் இயக்குநரானார்.

விக்ரம் சாராபாய் 1971 டிசம்பரில் கோவளத்தில் மறைந்தபின், விண்வெளிப் பணியின் தலைமை 1972இல் தவானிடம் வந்தது. கழகத்தின் பொறுப்பை விடாமலே அதனை ஏற்றார்.

1979 ஆகஸ்டு 10ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எழுந்த எஸ்.எல்.வி.-3 ராக்கெட்டு, இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாடு பழுதுற்று வங்கக் கடலில் வீழ்ந்தது. திட்ட இயக்குநர் நம் இராமேசுவரத்து அப்துல் கலாம். குற்றம் அவர்மேல் விழவேண்டிய நேரம். எந்த அலுவலகத்திலும் தவறுக்கு விளக்கம் கேட்கும் கடிதம் மேலிருந்து படிப்படியாக இறங்கி, கடைசியில் கையெழுத்திட்ட குமாஸ்தாவின் மேசையில் வந்து அமரும், நாம் அறியாததன்று. தவானோ பத்திரிகையாளர் முன் தாமே அமர்ந்து, பொறுப்பு முழுவதையும் தம்மேல் ஏற்றுக்கொண்டார். 1980 ஜூலை 18இல் அதே வகை ராக்கெட்டு ரோகிணியைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது. அன்று பத்திரிகையாளரைச் சந்திக்கக் கலாமை அனுப்பிவிட்டார். இச்செய்தியைக் கலாம் பிற்காலத்தில் பல மேடைகளில் நினைவுகூர்ந்தார்.

1984இல் விண்வெளிப் பொறுப்பிலிருந்து விலகியபின், பறவைகள் பறக்கும் விதத்தை ஆராய்ந்து ஒரு சிறு நூல் வெளியிட்டார். சிறகை அசைக்காமல் காற்றிலேறி மிதக்கும் பருந்தும் அவர்க்குப் பாடமே. 2002 ஜனவரி 3ஆம் நாள் பெங்களூரில் மறைந்தார். அவ்வாண்டிலேயே ஸ்ரீஹரிகோட்டா நிலையத்துக்கு அவர் பெயர் இடப்பட்டது.