ஸிட்னி ரிங்கர்

இங்கிலாந்து தேசத்து நார்விச் நகரில் 1835ஆம் ஆண்டிற் பிறந்தவர் ஸிட்னி ரிங்கர். இலண்டன் யூனிவர்ஸிட்டி கல்லூரியில் வைத்தியங் கற்று, 1863இல் எம்.டி. பட்டம் பெற்று, அக்கல்லூரியைச் சார்ந்த வைத்தியசாலையிலேயே நெடுங்காலந் தொண்டாற்றினார். 1869இல் அவர் வெளியிட்ட மருத்துவ நூல் பல பதிப்புகளைக் கண்டது. ஆயினும் அவர் பெயர் இன்றளவும் நிலைத்திருப்பதற்குக் காரணம் அந்நூலன்று. ஒரு தவளையின் இருதயமே.

நோயாளரைக் கவனித்தது போக எஞ்சிய பொழுதை ரிங்கர் ஆராய்ச்சிச் சாலையிற் கழித்தார். உடலினின்றும் எடுத்த தவளையின் இருதயம் உப்புநீரில் நெடுநேரந் துடிப்பதைக் கண்டு, அதனை 1882இல் எழுதி வெளியிட்டார். பின்னரே உண்மை புலனாயிற்று. காய்ச்சி வடித்த நீருக்குப் பதிலாகக் குழாய்நீரிலேயே அவருடைய உதவியாளர் உப்பைக் கரைத்திருந்தார்! வடித்த நீரைக்கொண்டு மீண்டுஞ் சோதிக்கவே, இருதயம் சிறிது நேரத்தில் ஓய்ந்தது. குழாய்நீரிற் கலந்திருந்த கால்ஷியம் என்னும் சுண்ணச்சத்தைச் சிறிது சேர்த்தவுடன் மீண்டுந் துடித்தது.

முன்னர் எழுதியதை மறைத்துவிட அவர் எண்ணினாரல்லர். 1883இல் தம் கூற்றைத் தாமே வெளிப்படையாகத் திருத்தினார். கால்ஷியத்தோடு பொட்டாஸியமும் அளவறிந்து சேர வேண்டுமென்றுங் காட்டினார். 1885இல் ராயல் சங்கம் அவரை அங்கத்தினராக ஏற்றது. 1910இல் யார்க்ஷயரைச் சேர்ந்த லாஸ்டிங்ஹாம் என்னும் சிற்றூரில் அவர் காலமானார்.

அவர் கண்டதன் உட்பொருளைப் பிற்காலத்தார் விளக்கினர். உயிரணுவின் உள்ளே உள்ள கால்ஷியம், வெளியே உள்ளதில் ஏறக்குறைய பதினாயிரத்தில் ஒரு பங்கேயாம். மின்கிளர்ச்சி எய்தியவுடன் அணுவின் வாயில்கள் திறக்கின்றன, கால்ஷியம் உட்புகுகின்றது, அது அணுவினுள் சேமித்து வைக்கப்பட்ட கால்ஷியத்தையும் வெளிப்படுத்த, இருதயத் தசை சுருங்குகின்றது. கால்ஷியம் மீண்டும் அகற்றப்பட்டபின் தசை தளர்கின்றது. இவ்வொழுங்கு குலையின் துடிப்பு தடுமாறும், இருதயம் வலுவிழக்கும். உயர்ந்த இரத்த அழுத்தத்திற்கு வழங்கும் மருந்துகளிற் சில இவ்வாயில்களை அடைத்தே பயன் தருகின்றன.

ரிங்கரின் கரைசலோடு அமெரிக்க வைத்தியர் ஹார்ட்மன் 1930க்குப் பிற்பட்ட ஆண்டுகளில் லாக்டேட் என்னும் உப்பைச் சேர்த்தார். கடும் வாந்திபேதியால் நீர்வற்றித் தவிப்போரின் நரம்பில் இன்று ஏற்றுவது அக்கலவையே.

மாணவ நண்பர்களே, உதவியாளரின் கவனக்குறைவு எவர்க்கும் நேரக்கூடியது. அதன் காரணத்தைத் தேடி, கண்டதை ஒளியாது உரைத்தமையே ரிங்கரின் பெருமை. அந்நேர்மையின் பயனை, அவர் பெயரையும் அறியாத எண்ணிறந்த நோயாளர் இன்று அடைந்து வருகின்றனர்.